மனிதன் ரப்பர் ஷீட் அல்ல!
தகரக் கூரைக்குக் காப்புப் போட வேண்டியவர் யார்?



சாலாக் செலாத்தானில் நான் குடியிருப்பது தகரக் கூரை வீடு. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, கழுத்துப்பட்டை கட்டிய தம்பி ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் வண்ணப்படம் போட்ட புத்தகம். வாயில் தேன்.

"அண்ணே, ஓட்டை இருக்கிற வரைக்கும் வீட்டுக்குள்ளே சூடு வரத்தான் செய்யும். சுவருக்கும் கூரைக்கும் நடுவிலே இருக்கிற சந்தையெல்லாம் நாங்க நுரை அடிச்சு அடைச்சிடுறோம். ஜன்னலுக்கு ரப்பர் பட்டை, கதவுக்கு அடியிலே பட்டை. வெள்ளைக்கார நாட்டிலே எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்றார்.

வெள்ளைக்கார நாடு என்ற சொல்லுக்கு நம்மிடம் இன்னும் மதிப்புக் குறையவில்லை. நானும் ஏமாந்தேன். தவணை முறையில் பணம் கட்டச் சம்மதித்தேன். இரண்டே நாளில் வீடு அடைபட்டது. மூன்றாம் நாள் இரவு, தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்த என் தாயார் பாயில் எழுந்து உட்கார்ந்து கொண்டு, "ஏன்டா, லயத்துல இருந்தப்பகூட இப்படி மூச்சு முட்டலையே!" என்று கேட்டார். காற்று இல்லை. அடுப்பின் சூடும் கொசுவர்த்தியின் புகையும் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றின. தலைக்கு மேலே தகரம் அன்று பகல் முழுவதும் தள்ளிய அனல், வெளியேறும் வழி அடைபட்டு அப்படியே தங்கியிருந்தது. மறுநாள் காலையில் பால் கத்தியைத் தேடி எடுத்து, அந்த நுரையை நானே அறுத்து எறிந்தேன். தவணைப் பணத்தை மட்டும் அறுத்து எறிய முடியவில்லை.

இது என் ஒருவன் வீட்டுக் கதையாக இருந்தால் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை. தோட்டத்து லயத்திலும், புதுக்கிராமத்துப் பலகை வீட்டிலும், தொழிற்சாலை விடுதியிலும், அடுக்குமாடியின் உச்சித் தட்டிலும் வெந்துகொண்டிருக்கின்ற அத்தனை உழைப்பாளிகளின் கதை இது. ஆகவே கேட்கிறேன்: நம் தலைக்கு மேலுள்ள கூரையின் சூட்டுக்கு யார் பொறுப்பு?

ஷீட்டுக்குத் தெரிந்த கணக்கு

சூட்டைப் பற்றித் தோட்ட நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சூட்டை அறிந்துதான் ரப்பர்த் தொழிலே நடந்தது, நடக்கின்றது.

பால்மரத்தை ஏன் விடியும் முன்னே வெட்டுகிறோம்? வெயில் ஏறினால் மரத்தினுள் இருக்கும் நீரழுத்தம் குறைந்து பால் வரத்து சுருங்கிப் போகும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குள் இறங்குகிறோம். சேர்த்த பால் உறைந்து கெடாமலிருக்க அமோனியா கலக்கிறோம். பாலுக்கு வெயில் ஆகாது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பாலை எடுப்பவனுக்கு வெயில் ஆகுமா என்று மட்டும் தெரியாமற் போனது எப்படி?

ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கொட்டகையைப் பாருங்கள். உள்ளே ஐம்பது அறுபது பாகைச் சூடு நிற்க வேண்டும். அதற்காகச் சுவரைச் சந்தில்லாமல் கட்டுவார்கள், கதவை இறுக்கமாகப் பூட்டுவார்கள், புகை போக வேண்டிய அளவுக்கு மட்டும் மேலே வழி விடுவார்கள். அடைத்தால் சூடு நிற்கும், திறந்தால் சூடு போகும் என்ற பாடம் அங்கே எழுதாமல் எழுதப்பட்டிருக்கின்றது. அந்தப் புகைக்கொட்டகையைத்தான் என் வீட்டிலே கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார் அந்தக் கழுத்துப்பட்டைத் தம்பி!

இனித் துரை பங்களாவைப் பாருங்கள். குன்றின் மேலே, காற்று வரும் திசை பார்த்து, தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருப்பார்கள். ஓட்டுக் கூரை. கூரைக்கும் அறைக்கும் நடுவே உயரமான பலகைத் தட்டு. சுற்றிலும் அகன்ற தாழ்வாரம்; வெயில் சுவரைத் தொடாது. அதே தோட்டத்தில், குன்றுக்குக் கீழே, பள்ளத்தில், நம் லயம். தாழ்ந்த தகரக் கூரை. அடியிலே தட்டு இல்லை. இரண்டையும் கட்டியது ஒரே நிர்வாகம். இரண்டின் மேலும் காய்ந்தது ஒரே சூரியன். வெப்பத்திலிருந்து மனிதனைக் காக்கும் கலை அவர்களுக்குத் தெரியும். யாரைக் காப்பது என்பதில்தான் கணக்கு வேறு.

அத்தாப்பு போனது, நிழலும் போனது

நம் பாட்டன்மார் வந்த காலத்தில் லயத்துக்கு அத்தாப்புக் கூரை. அது ஒழுகும், எலி ஓடும், தீப்பொறி பட்டால் வரிசையே சாம்பலாகும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அத்தாப்புக் காலம் பொற்காலம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுக்கடுக்காகத் தைத்த அந்த ஓலைக்குள்ளே காற்று தங்கியிருந்தது. அந்தக் காற்றே காப்பு. வெயில் மேலே நின்றது. நிழல் கீழே நின்றது.

பிறகு தகரம் வந்தது. ஒழுகவில்லை, எரியவில்லை, அடிக்கடி மாற்றவும் வேண்டியதில்லை. நிர்வாகத்துக்குச் செலவு மிச்சம். ஆனால் நண்பகல் வெயிலில் தகரம் அறுபது பாகையைத் தாண்டிக் கொதிக்கும். கொதிக்கும் தகரம் அடுப்பின் மேல் வைத்த தோசைக்கல்லைப் போல, தொடாமலே கீழ்நோக்கி அனலை வீசும். காற்றாடியைச் சுழலவிட்டாலும் அந்த அனல் நிற்காது. அது காற்றின் வழியாக வருவதன்று, நேரே பாய்வது. அத்தாப்பை எடுத்தது குற்றமாகாது. அத்தாப்பு செய்துவந்த வேலையைச் செய்ய வேறொன்றை அங்கே வைக்காமல் போனதே குற்றம்.

தமிழ்நாட்டில் நம் முன்னோர் மொட்டை மாடியில் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புத் தளம் போட்டார்கள். பானைக்குள் அடைபட்ட காற்று வெயிலைத் தடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனார் அறிந்த இந்த உண்மையைப் பட்டம் பெற்ற பொறியாளர்களை வைத்துக்கொண்டிருக்கின்ற கம்பெனிகள் அறியாமலா இருக்கின்றன?

நாம் வாழும் கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் இருக்கின்றது. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். ஆண்டின் மற்ற நாட்களிலும் அது வெகுதூரம் சாய்வதில்லை. குளிர் நாட்டில் வீட்டுச் சூடு சுவரிலும் சந்திலும் வெளியே ஓடிவிடும். அங்கே சந்தை அடைப்பது அறிவு. நம் நாட்டுத் தரை வீட்டில் எதிரி உச்சியிலிருந்து இறங்குகின்றான். அவனை விட்டுவிட்டு ஜன்னலை அடைப்பது, கூரை வழியே திருடன் இறங்கும்போது வாசல் கதவைப் பூட்டும் கதைதான்.

சட்டம் அளந்ததும் அளக்காததும்

சட்டம் என்ன சொல்கிறது? தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1966 இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990 இல் 446 ஆம் சட்டம் வந்தது. 2019 இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டத்துக்கு அப்பாலும் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர்க் கையுறை செய்யும் தொழிலாளர்களின் விடுதிகளில் கொரோனா காட்டுத்தீயாய்ப் பரவியபோதுதான், மனிதர்கள் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை நாடே கண்டது. நாம் வெட்டிய பாலில் கையுறை செய்தவர்கள் அவர்கள். வங்காளியோ நேப்பாளியோ, அவர்கள் படுத்த அறையின் சூடும் நம் லயத்துச் சூடும் ஒன்றே.

இன்று அச்சட்டத்தின் விதிகள் கூட்டு விடுதியில் ஒருவருக்கு 3 சதுர மீட்டர், மற்ற தங்குமிடங்களில் 3.6 சதுர மீட்டர் தூங்கும் இடம் வேண்டும் என்று அளந்து சொல்கின்றன. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த மூன்று சதுர மீட்டருக்கு மேலே எத்தனை பாகை கொதிக்கலாம் என்று ஓர் எண் உண்டா? படுக்க இடம் அளந்தவர்கள், படுத்தவன் தூங்க முடியுமா என்று அளக்க மறந்தார்கள்.

கட்டடத் துணைச் சட்டங்களில் 38ஏ என்ற விதி இருக்கின்றது. 2012 திருத்தத்தில் வந்தது. வீடானாலும் அலுவலகமானாலும், கனமில்லாத கூரை ஒரு சதுர மீட்டரில், ஒரு பாகை வித்தியாசத்துக்கு 0.4 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உள்ளே விடக்கூடாது என்பது அதன் சாரம். அடியில் ஒன்றுமில்லாத வெறும் தகரமோ அதைப்போலப் பத்து மடங்குக்கும் அதிகமாக விடும். அதாவது, நம் வீட்டுக் கூரை தவறானது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது! ஆனால் விதி புதிதாகக் கட்டும் கட்டடத்துக்கு. ஏற்கெனவே வெந்துகொண்டிருப்பவன் வெந்துகொண்டே இருக்கலாம்.

2025 ஜனவரி முதல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் ஒன்றும் நடைமுறைக்கு வந்திருக்கின்றது. 8,000 சதுர மீட்டருக்குக் குறையாத பெரிய அலுவலகக் கட்டடங்களைக் கணக்குக் காட்டச் சொல்கிறது. அதையும் குறை கூறவில்லை. 2021 இல் மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும் ஏர்கோனோ ஐஸ்பெட்டியோ வாங்கினால் 200 வெள்ளி கழிவு என்று அரசாங்கம் திட்டம் போட்டது. வாங்கியவர்கள் பயனடைந்தார்கள். ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: சூட்டை வெளியே தள்ளும் இயந்திரம் வாங்கினால் உதவி, சூடு உள்ளே வராமல் தடுக்கும் கூரைக்கு உதவி இல்லை. ஓட்டைப் பானையை மாற்றாமல், தண்ணீர் ஊற்றுவதற்குச் சலுகை தருவது போலல்லவா இருக்கின்றது இது!

அவர்கள் சொல்லும் சாக்குகள்

"அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தானே இருந்தார்கள்?" என்பார்கள். இருந்தார்கள், லயத்தைச் சுற்றி மரம் இருந்தது. இரவில் குளிர்ந்த காற்று வந்தது. இன்று சாலாக் செலாத்தானைச் சுற்றி நெடுஞ்சாலையும் கொங்கிரீட்டும். பகலில் குடித்த வெயிலை அவை இரவில் கக்குகின்றன. அண்டையிலுள்ள புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அங்கே 1998 இல் பெரும் விளையாட்டரங்கம் எழுந்தது. ஆட்டம் பார்ப்பவனின் தலைக்கு மேல் கவனத்தோடு கூரை அமைத்த நாட்டுக்கு, அங்கே பால் வெட்டியவனின் தலைக்கு மேலும் அமைக்க வழி தெரியாதா?

"அடுக்குமாடி கொடுத்துவிட்டோமே, மாதம் 124 வெள்ளி வாடகைதானே?" என்பார்கள். வாடகை குறைவு; உண்மை. ஆனால் உச்சித் தட்டுக்காரனுக்குக் கூரைச் சூடு. மேற்குப் பக்கத்துக்காரனுக்குச் சுவர்ச் சூடு. மாலை வெயிலைக் குடித்த கொங்கிரீட்டுச் சுவர் இரவு பத்து மணிக்கும் தொட்டால் சுடும். இரவு ஜாகா வேலை பார்த்துவிட்டுப் பகலில் படுக்கும் நம் பிள்ளை அந்த அறையில் எப்படிக் கண் அயர்வான்?

"ஏர்கோன் வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025 இல் உயர்ந்தது. போராடிப் பெற்ற உயர்வு அது. அதை மாதாமாதம் மின்சாரக் கட்டணமாகக் கட்டிவிடு என்று சொல்வது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதே ஆகும். தகரத்தின் கீழ் ஏர்கோன் போட்டால், இயந்திரம் நம் அறையைக் குளிர்விக்கும் முன்னே சூரியனோடு மல்லுக்கு நிற்க வேண்டும்.

"செலவு அதிகம்" என்பார்கள். யாருக்கு? கூரை யாருடையதோ அவர் ஒருமுறை செலவு செய்வதா, குடியிருப்பவன் ஆயுள் முழுவதும் கட்டணமும் மருத்துவச் செலவும் கெட்ட தூக்கமுமாகக் கொடுப்பதா? அரைத் தூக்கத்தோடு இருட்டில் நிரைக்குப் போகிறவன் கையில் இருப்பது கூர்மையான கத்தி என்பதை நினைவில் வையுங்கள்.

உலகத்தில் நடக்காததை நாம் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1976 முதல் ஏழைகளின் வீட்டுக்கு அரசாங்கப் பணத்திலேயே காப்புப் போட்டுக் கொடுக்கும் திட்டம் இருக்கின்றது. அகமதாபாத் நகரம் 2010 இன் கடும் வெயிலில் அடிபட்டு, 2013 இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. குடிசைக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசும் வேலையும் அங்கே நடந்தது. தெலுங்கானா மாநிலம் 2023 இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. நம்மைவிட ஏழையான இடங்களில் முடிகின்றது. இங்கே ஏன் முடியாது?

எது முதலில், எது பிறகு

கூரைக்காரர் செய்யும்வரை காத்திருக்க முடியாதவர்கள் சிலர் கைக்காசைப் போடத்தான் போகிறீர்கள். என்னைப் போல ஏமாறாதிருக்க வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் கூரை. தகரத்துக்கு வெளியே வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும். நம் ஈரக்காற்றில் பாசியும் அழுக்கும் படியும்; கழுவிவராவிட்டால் பயன் குறையும். அடுத்து, தகரத்துக்கு அடியில் பளபளப்பான அலுமினியத் தாள். அதைத் தகரத்தோடு ஒட்டிவிடக்கூடாது. குறைந்தது ஓர் அங்குலம் காற்றிடைவெளி வேண்டும். இல்லையேல் தாளும் தகரமாகவே ஆகிவிடும். பளபளப்புப் பக்கம் கீழ்நோக்கி இருந்தால் தூசி படியாது. அதற்கும் கீழே தட்டுப் பலகை; முடிந்தால் பலகையின் மேல் இரண்டு அங்குலக் கல்பஞ்சு. கூரைக்கும் தட்டுக்கும் நடுவிலுள்ள சூடான காற்று வெளியேற இரு பக்கமும் வழி விடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு உள்ள வீட்டுக்காரர்கள் அதைத் துளைக்கவோ உடைக்கவோ கூடாது; அதன் தூசி நுரையீரலைத் தின்னும்.

இரண்டாவது சுவர். மேற்குப் பக்கத்துக்கு நிழல் கொடுங்கள்: சாய்ப்பு, மூங்கில் தட்டி, கொடிப்பந்தல், எதுவானாலும் சரி. வெயில் சுவரைத் தொடும் முன்னே தடுக்க வேண்டும். உள்ளே திரை போடுவது பாதிப் பயன்தான்.

கடைசியில்தான் அடைப்பு. ஏர்கோன் இல்லாத வீட்டை அடைக்காதீர்கள். அதற்குக் காற்றோட்டமே உயிர். ஏர்கோன் உள்ள அறையானால், அந்த ஓர் அறையை மட்டும் அடையுங்கள். வரிசைக் கண்ணாடி ஜன்னலின் இடுக்கிலும் கதவின் அடியிலும் நுழையும் ஈரக்காற்றை உலர்த்தவே இயந்திரத்தின் பாதி உழைப்புப் போய்விடும். சுவரில் பூஞ்சணமும் பிடிக்கும். கேஸ் அடுப்பு எரியும் இடத்தை, சாம்பிராணி போடும் இடத்தை எக்காரணத்தைக் கொண்டும் காற்றுப் புகாமல் அடைக்கக்கூடாது.

இந்த வரிசையைத் தலைகீழாக்கி, அடைப்பை முதலில் விற்க வருகிறவர் வாசலில் நின்றால், ஒரே கேள்வி கேளுங்கள்: "தம்பி, என் கூரைக்கு என்ன செய்வீங்க?" பதில் இல்லாதவரை மரியாதையாக வழியனுப்பிவிடுங்கள்.

நம் கோரிக்கை

நம் மீதும் குறை உண்டு. கூலிக்குப் போராடினோம், வேலை நேரத்துக்குப் போராடினோம், தண்ணீர்க் குழாய்க்கும் மின்விளக்குக்கும் போராடினோம். கூரைச் சூட்டை மட்டும் ஆண்டவன் கொடுத்த வெயில் என்று ஏற்றுக்கொண்டோம். வெயில் ஆண்டவன் கொடுத்ததாக இருக்கலாம். தகரம் நிர்வாகம் கொடுத்தது!

ஆகவே கேட்கிறோம்:

1. தோட்ட வீடானாலும் தொழிற்சாலை விடுதியானாலும் மாநகராட்சி அடுக்குமாடியானாலும், கூரைக்குக் காப்புப் போடும் செலவு கூரையின் உரிமையாளருடையது. வாடகையிலோ சம்பளத்திலோ அதைப் பிடிக்கக்கூடாது.

2. 446 ஆம் சட்டத்தின் விதிகளில் சதுர மீட்டரோடு பாகையும் ஏற வேண்டும். தூங்கும் அறையின் சூடு வெளி நிழலின் சூட்டைவிட அதிகமாகக்கூடாது.

3. பழைய கூரையை மாற்றும்போதும் பழுதுபார்க்கும்போதும் 38ஏ விதியின் அளவைத் தொழிலாளர் வீடுகளுக்கும் பொருந்தச் செய்ய வேண்டும்.

4. அடுத்த வீட்டு ஒப்பந்தப் பேச்சில், தண்ணீர், விளக்கு, சாக்கடை என்ற வரிசையில் கூரைக் காப்பும் ஒரு தலைப்பாக இடம்பெற வேண்டும்.

கோரிக்கைக்குச் சான்று வேண்டும். இங்கேதான் கிராணிமார்களின் உதவி தேவை. நிறுவையும் பெயர்ப்பட்டியலும் எழுதிப் பழகிய கைகள் உங்களுடையவை. ஒவ்வொரு கிளையும் சில வெப்பமானிகளை வாங்கட்டும். ஒன்று லயத்தின் உள்ளே, ஒருவர் படுக்கும் உயரத்தில். ஒன்று வெளியே, நிழலில். பகல் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி, விடியற்காலை நான்கு மணி என்று பதினான்கு நாட்கள் எழுதுங்கள். வீட்டு எண், கூரை வகை, தட்டு உண்டா இல்லையா, குடியிருப்போர் எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள். "சூடு தாங்க முடியவில்லை" என்றால் சிரிப்பார்கள். "விடியற்காலை நான்கு மணிக்கும் வெளியைவிட உள்ளே இத்தனை பாகை அதிகம், நாற்பது வீட்டில் பதினான்கு நாள் கணக்கு இதோ" என்று மேசையில் வைத்தால் சிரிக்க முடியாது.

புகைக்கொட்டகையில் தொங்கும் ஷீட் பேசாது. காய்ந்ததும் எடுத்து மடித்துப் பெட்டியில் அடுக்குவார்கள். நாம் பேசத் தெரிந்தவர்கள். என் தாயார் அன்றிரவு கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நுரையை அறுத்ததோடு சரி. தகரம் இன்னும் தலைக்கு மேலேதான் இருக்கின்றது. அந்தக் கேள்வியை இனி, கூரைக்குச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு எடுத்துச் செல்வோம்.

வெப்பமானியை மாட்டுங்கள்! கணக்கை எழுதுங்கள்! கூரையைக் கேளுங்கள்!